இழுப்பு என்று சொன்னோம்

என் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்துவது என்று நாங்கள் முடிவெடுத்தது மதுரையிலிருந்து கம்பத்துக்கு வந்த பஸ்ஸில். எழுபதுகளின் தொடக்கம். ஆண்டிபட்டிக் கணவாயில் பஸ் முனகிக்கொண்டு ஏறும்போது பேச ஆரம்பித்தோம். தேனி வருவதற்குள் முடித்துவிட்டோம். தேனியில் நம் பக்கத்து ஆட்கள் ஏறிவிடுவார்கள், அதற்கப்புறம் வாயைத் திறக்க முடியாது. இரண்டு பிள்ளைகளின் படிப்பை ஒரு மணி நேரத்துக்குள் பேசித் தீர்த்தோம். அதிலும் பாதி நேரம் பின் இருக்கையில் இருப்பது யார் என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பதிலேயே போயிற்று.

பெரியவள் என் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டு வந்தாள். ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. அவளுக்கு வலிப்பு. தை மாதம் ஒரு காலையில் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். பாதிப் பின்னலில் அவள் கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பியது. "நேரா இருடி" என்று தலையில் ஒரு குட்டு வைத்தேன். அடுத்த நிமிஷம் அவள் தரையில் கிடந்து வெட்டி வெட்டி இழுத்தாள். நான் குட்டியதால்தான் வந்தது என்று பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பங்குனிக்குள் இன்னும் இரண்டு தடவை வந்துவிட்டது. மூன்றும் வீட்டுக்குள் வந்ததால் வெளியே தெரியவில்லை. கோடை விடுமுறையில், திராட்சை விற்ற கணக்கை முடித்து வருகிறோம் என்று சொல்லிவிட்டு மதுரைக்குக் கூட்டிப்போனோம்.

அந்த டாக்டர் நல்ல மனிதர். பொறுமையாகச் சொன்னார். "மாத்திரைய ஒரு நாள்கூட விடக் கூடாதும்மா. தண்ணி, நெருப்பு ரெண்டுகிட்டயும் தனியா விடாதீங்க. பள்ளிக்கூடத்துக்குத் தாராளமா அனுப்புங்க. ஆனா அங்கன வாத்தியார்ட்ட விஷயத்தைச் சொல்லிருங்க" என்றார். மாத்திரை, தண்ணீர், நெருப்பு எல்லாவற்றுக்கும் தலையாட்டினோம். கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் இருவரும் தலையாட்டவில்லை.

"வாத்தியார்ட்டச் சொன்னா சாயங்காலத்துக்குள்ள நம்ம சுருளிப்பட்டி பூராத் தெரிஞ்சுபோகும்" என்றார் என் வீட்டுக்காரர், பஸ்ஸில், என் காதோரமாக. "ரெண்டும் பொம்பளப் பிள்ளைக. நாளைக்கு ஒருத்தன் வாசல் மிதிக்க மாட்டான்."

"சொல்லாம அனுப்பி, அங்கன வச்சு வந்துருச்சுன்னா?"

அவர் பின் இருக்கையைத் திரும்பிப் பார்த்தார். நான்தான் சொன்னேன். "நிப்பாட்டிருவோம். நான் பதினொண்ணு முடிச்சவதானே. வீட்ல வச்சு நானே சொல்லிக் குடுக்கிறேன்."

"சின்னவ?"

சின்னவளுக்கு ஏழு வயது. ஒரு குறையும் இல்லாதவள். "அவளையும்தான்" என்றேன். "ஒருத்திய மட்டும் நிப்பாட்டுனா ஏன்னு தோண்டுவாக. ரெண்டு பேரையும் நிப்பாட்டுனா எனக்குத் திமிருன்னு சொல்லிட்டுப் போயிருவாக."

அந்த யோசனை எனக்கே அப்போது பெரிய சாமர்த்தியமாகப்பட்டது. ராயப்பன்பட்டியில் விடுதியில் தங்கிப் படித்தவள் என்ற மிதப்பு எனக்கு எப்போதும் உண்டு. ஊரில் பலருக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் வாய் நீளம். திமிர் பிடித்தவள் என்ற பெயர் ஏற்கெனவே இருந்ததால் அதன் பின்னால் ஒளிந்துகொள்வது சுலபமாக இருந்தது.

"கேட்டா என்ன சொல்ல?" என்றார் அவர். பிறகு அவரே சொன்னார்: "இழுப்புன்னு சொல்லிரு."

எங்கள் பக்கம் மூச்சு வாங்கி, நெஞ்சு கர் கர் என்று கத்துவதும் இழுப்புதான். கை கால் வெட்டிக்கொண்டு வருவதும் இழுப்புதான். ஆனால் இழுப்பு என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால், கேட்கிறவர்கள் மூச்சு இழுப்பைத்தான் நினைப்பார்கள். மற்றதை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பொய் சொன்ன பாவமும் இல்லை, மெய் சொன்ன ஆபத்தும் இல்லை. இப்படி ஒரு சொல் கிடைத்ததே என்று பஸ்ஸிலேயே குலசாமிக்கு நன்றி சொன்னேன்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரத்தில் தலைமையாசிரியர் வீடு தேடி வந்தார். சைக்கிளை வேலியோரம் நிறுத்திவிட்டு, "பிள்ளைகளக் காணமே" என்றார். நான் அந்தச் சொல்லைச் சொன்னேன். மனிதர் முகமே மாறிவிட்டது. "அடடா, எங்க அம்மாவுக்கும் இழுப்புத்தான். மார்கழிப் பனியில ரொம்பக் கஷ்டப்படுவாக" என்று அரை மணி நேரம் பேசினார். சின்னவளையாவது அனுப்பலாமே என்றதற்கு, அக்காள் இல்லாமல் போக மாட்டேன் என்கிறாள் என்று சொன்னேன். "சரியானதும் கூட்டிட்டு வாங்க. எந்த வகுப்புன்னு சோதிச்சுப் பாத்துச் சேத்துக்கிறேன்" என்று சொல்லி, மறுநாள் நாலைந்து பழைய பாடப்புத்தகங்களையும் ஒரு பெட்டி சாக்பீஸையும் கொடுத்து அனுப்பினார். அவருடைய இரக்கம் எனக்கு எரிச்சலாக இருந்தது. இரக்கப்படுகிறவர்கள் திரும்பத் திரும்ப வருவார்கள்.

உள் அறைதான் பள்ளிக்கூடம். கரும்பலகை கிடையாது, அறைக்கதவின் உட்புறத்தில் கரியைப் பூசி அதில் எழுதினேன். கதவைச் சாத்தினால்தான் பலகை தெரியும். அதனால் பாடம் நடக்கும்போது கதவு திறந்திருந்ததே இல்லை. தெருப்பக்க ஜன்னலையும் அடைத்துவிட்டேன். "உள்ளுக்குள்ளேயே காலேஜ் நடத்துறாளாம்ல" என்று தோட்டத்துக்குக் கொடி கட்ட வந்த பெண்கள் கேலி பேசினார்கள். "ஆமா, ஒனக்கும் ஒரு சீட்டு வச்சிருக்கேன், வாரியா" என்று கேட்டு வாயை அடைப்பேன். உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் தாழ் விழுந்ததா என்று இழுத்துப் பார்ப்பேன்.

சொல்லிக் கொடுத்தேன் என்பதைவிடக் காவல் இருந்தேன் என்பதுதான் சரி. கண்கொத்திப் பாம்பாகப் பெரியவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்தால் பயம். பதில் சொல்லத் தாமதித்தால் பயம். பெருக்கல் வாய்ப்பாட்டில் ஏழாவது வாய்ப்பாடு எந்தப் பிள்ளைக்கும் திக்கும். இவள் திக்கினால் நான் எழுந்து பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன். அடுப்பு எரியும்போது சமையலறைப் பக்கம் விட மாட்டேன். கிணற்றுக்கு மூங்கில் தட்டி போட்டு மூடினோம். கையில் இரும்பு கொடுப்பதெல்லாம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருந்தாலும் சாவிக்கொத்தை என் இடுப்பை விட்டு இறக்கியதில்லை.

ஒருநாள் சொல்வதை எழுதச் சொன்னேன். 'வெண்ணிலா' என்றேன். நோட்டில் 'வெண்' வரை அழகாக வந்தது. அப்புறம் பென்சில் நின்றது. பிறகு ஒரு கோடு மட்டும் பக்கத்தின் அடிவரை கோணலாக இறங்கியது. அவள் கண் திறந்தே இருந்தது; ஆனால் அவள் அங்கே இல்லை. நான் அவள் தோளைப் பிடிக்கக் கை நீட்டியபோது, "அடுத்த வார்த்தை என்னம்மா?" என்று கேட்டாள். நோட்டைப் பார்த்துவிட்டு, "ஏம்மா கிறுக்கி வச்சிருக்கீக?" என்று என்னிடமே கோபித்துக்கொண்டாள். நான்தான் கிறுக்கினேன் என்று ஒப்புக்கொண்டு அழித்துக் கொடுத்தேன்.

அவளுக்கு எதுவும் தெரியாது. வலிப்பு வந்து தெளிந்தால் தூங்கிவிடுவாள். எழுந்தால் நினைவே இருக்காது. மூச்சு முட்டி மயங்கிவிட்டாய் என்று சொல்லிவைத்திருந்தோம். சின்னவளுக்குத்தான் எல்லாம் தெரியும். அக்காள் விழுந்தால் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்கவும், எச்சிலைத் துடைக்கவும், வாசலில் யார் வந்தாலும் "அக்காவுக்கு மூச்சு வாங்குது" என்று சொல்லவும் ஏழு வயதுப் பிள்ளையைப் பழக்கினேன். "அக்காகிட்ட எதாச்சும் சொன்ன, நாக்க அறுத்துருவேன்" என்றேன். அப்படித்தான் பேசுவேன். அது ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசவில்லை. பள்ளிக்கூட மணி காற்றில் கேட்கும்போது மட்டும் பாடத்தை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கும்.

மாத்திரையைக் கம்பத்தில் வாங்க மாட்டோம். கடைக்காரருக்கு இது எதற்கான மாத்திரை என்று தெரிந்துவிடுமே. மாதம் ஒரு முறை வீட்டுக்காரர் வியாபாரத்தைச் சாக்கு வைத்து மதுரை போய் வாங்கி வருவார். அதைப் பழைய பவுடர் டப்பாவில் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன். பெரியவளுக்கு அது இழுப்பு மாத்திரை. இதைப் போட்டால் மயக்கம் வராது என்ற அளவுக்கு அவளுக்குத் தெரியும்.

அந்த வருஷம் ஆடியில், அடுத்த தோட்டத்து மதினி வந்தாள். உறவு ஒன்றும் கிடையாது. வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக மதினி மதினி என்று கூப்பிட்டுப் பழகிவிட்டோம். அவளுக்கு ஒரே மகன், பத்து வயது. அவனையும் ஒரு வருஷமாகப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை.

"இவனுக்கும் இழுப்புத்தான் மதினி" என்றாள். "அங்கன விட்டுட்டு இங்கன எனக்கு இருப்புக் கொள்ளல. ஒம் பிள்ளைகளோட சேத்து வச்சு ரெண்டு எழுத்துச் சொல்லிக் குடுத்தா என்ன? ஒரு ஓரமா உக்காந்துக்குவான்."

அவன் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக் கதவையே பார்த்தான். அந்த அறைக்குள் இன்னொரு பிள்ளை உட்கார்ந்தால், என்றைக்காவது ஒருநாள் பார்த்துவிடும். பார்த்தால் வீட்டில் போய்ச் சொல்லும். யோசிக்காமல் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ரெண்டு இழுப்புப் பிள்ளைக ஒரே அறையில இருந்தா ஒண்ணோட மூச்சு இன்னொண்ணுக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காக மதினி. ஒம் பிள்ள நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். "அப்படியா சொன்னாக" என்றாள். மகனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். வெட்கம் என்று ஒன்று அப்போது வந்ததாக நினைவில்லை. தப்பித்தோம் என்று மட்டும் இருந்தது.

அதற்காக அவள் பகை பாராட்டவில்லை. ஆடாதொடை இலையை அவித்துக் கொண்டுவந்து தருவாள், "நெஞ்சுச் சளி அத்துப்போகும்" என்று. நானும் தூதுவளை பறித்துக் கொடுத்து, ரசம் வைத்து அவனுக்கு ஊற்றச் சொல்வேன். அவள் கொடுத்ததை நான் வாழைக்குக் கொட்டினேன். நான் கொடுத்ததை அவள் எங்கே கொட்டினாளோ. இதை இப்போது எழுதும்போது புரிகிறது. அன்றைக்கு நான் ஒருத்திதான் ஊரை ஏமாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் கொய்யா மரத்தின் உச்சிக் கொப்பு வரை ஏறுவான், மூச்சே வாங்காமல். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். என் திருட்டைக் காப்பாற்றவே எனக்குப் பொழுது சரியாக இருந்தது.

அடுத்த வருஷம் ஐப்பசியில் அடை மழை. திராட்சைக் கொடியெல்லாம் நோய் விழுந்து, மருந்தடிப்பதை விட்டுவிட்டு வீட்டுக்காரரால் மதுரைக்கு நகர முடியவில்லை. மாத்திரை தீர்ந்துகொண்டு வந்தது. பாதி பாதியாக உடைத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் காலை, கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். சின்னவள் ஓடிப்போய்ப் பிடித்தாள். அதே நேரம் வாசலில், "மதினி" என்று குரல்.

நான் அறைக்கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து வாசல் நிலையை அடைத்துக்கொண்டு நின்றேன். மதினி தூக்குச்சட்டியோடு நின்றாள். உள்ளே என் மகளின் குதிகால் தரையில் அடிக்கும் சத்தம். தொம் தொம் என்று, ஒரே சீராக. மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. நான் எதையோ பேசினேன், மழையைப் பற்றி, கொடியைப் பற்றி. குரலை உயர்த்தி உயர்த்திப் பேசினேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னாலிருந்த கதவைப் பார்த்தாள். அடித்தது எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. நின்றது. உள்ளிருந்து சின்னவள் குரல், பழக்கிவைத்த மாதிரியே: "அக்காவுக்கு மூச்சு வாங்குது."

மதினி தூக்குச்சட்டியைப் படியில் வைத்தாள். "இழுப்பு சாஸ்தியா இருக்கு போல" என்றாள். "நீ உள்ள போ மதினி." மழையில் நனைந்துகொண்டே போய்விட்டாள்.

அன்றிலிருந்து ஒரு மாதம் எனக்குத் தூக்கமில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டதா, இல்லையா? ஊருக்குள் யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால், அவள் சொல்லிவிட்டாள் என்று தோன்றும். யாராவது சிரிக்காமல் போனாலும் அப்படித்தான் தோன்றும். வேலிப்பக்கம் போவதையே நிறுத்தினேன். அவளும் வரவில்லை. ஊரில் ஒரு பேச்சும் கிளம்பவில்லை. அதுவே எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

தை அறுவடை முடிந்து வாய்க்காலில் தண்ணீர் குறைந்திருந்த நாள் ஒன்றில், காலை பத்து மணி போல, தோட்டங்களுக்குப் பின்பக்கம் கூச்சல் கேட்டது. என் பிள்ளைகள் இருவரையும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் ஓடினேன். மதினியின் மகனை வாய்க்காலிலிருந்து தூக்கிக் கரையில் போட்டிருந்தார்கள். குப்புறக் கிடந்தானாம். ஆடு குளிப்பாட்டப் போனவர் பார்த்திருக்கிறார்.

"முழங்காத் தண்ணி. இதுல எப்படிப்பா?" என்று ஒருவர் கேட்டார்.

"இழுப்புக்காரப் பிள்ளைல்ல. மூச்சு முட்டிருக்கும்" என்றார் இன்னொருவர்.

எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். எனக்குக் காதுக்குள் அந்தக் குதிகால் சத்தம்தான். முழங்கால் தண்ணீரில் எந்தப் பிள்ளை எழுந்திருக்க முடியாமல் போகும் என்று அந்தக் கரையில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவன் தலையை மடியில் வைத்திருந்தவள் ஒருத்தி. நான் ஒருத்தி. என் வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் ஒரு டப்பா நிறைய மாத்திரை இருந்தது. மதுரை டாக்டரின் சீட்டு பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அவன் என் வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மூன்றாம் நாள் துக்கம் கேட்கப் போனேன். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். மதினி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை; பயம்தான் வந்தது. இத்தனை பேர் நடுவில் ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று. பிள்ளையைப் பறிகொடுத்தவளின் கைக்குள் இருந்துகொண்டு நான் நினைத்தது இதைத்தான். அவள் என் காதில் வாயை வைத்து, அழுகைக்கு நடுவில், யாருக்கும் கேட்காமல் சொன்னாள்:

"ஒம் மவள வாய்க்காப் பக்கம் விட்றாத மதினி. அடுப்புக்கிட்டயும் விட்றாத."

நான் மயங்கி விழுந்தேன் என்று பிறகு சொன்னார்கள். நல்ல மனசு, பாசக்காரி என்றும் சொன்னார்களாம்.

அன்றைக்கு வீட்டுக்காரரிடம், "திங்கக்கிழம பிள்ளைகளப் பள்ளிக்கூடத்துல விடப்போறேன். வாத்தியார்ட்டச் சொல்லித்தான் விடுவேன்" என்றேன்.

"சின்னவளையும் சேத்து யோசி" என்றார்.

"யோசிச்சு யோசிச்சுத்தான் இங்கன வந்து நிக்குது" என்றேன். அவர் எழுந்துபோய்க் கிணற்றுத் தட்டி சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்.

திங்கட்கிழமை இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். தலைமையாசிரியரின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். சின்னவள் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். "இவளுக்கு மூச்சு இழுப்பு இல்ல சார். வலிப்பு" என்றேன். அந்தச் சொல்லை வீட்டில்கூட நான் உச்சரித்ததில்லை. பெரியவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "முன்னமே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். பெரியவளை ஒருமுறை பார்த்துவிட்டு, "முன் பெஞ்சில உக்கார வைக்கிறேன். தண்ணித் தொட்டிப் பக்கம் தனியா விட மாட்டோம்" என்றார். பிறகு, என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, "ஆனா பாருங்க, இந்த ஊர்ல வேற யாருக்கும் இது இருக்கிற மாதிரித் தெரியலையே" என்றார். நான் அதற்கும் தலையாட்டினேன். சேர்க்கைக்கு மறுநாள் வரச்சொல்லி அனுப்பினார்.

திரும்பி வரும்போது சின்னவள் முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். பெரியவள் என்னோடு நடந்தாள். அவளுக்கு அப்போது பதினொன்று நடந்துகொண்டிருந்தது. வாய்க்கால் பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டு மறுபடி நடந்தாள். அவள் அழுவாள், ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பாள் என்று பயந்துகொண்டே நடந்தேன். அதற்குச் சொல்ல வேண்டிய பதிலெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன்.

"அம்மா" என்றாள். "அப்ப அவனுக்கும் இதேதானா?"

"ஆமாத்தா."

இன்னும் கொஞ்ச தூரம் நடந்தாள்.

"நம்ம வீட்லதான் மாத்திரை இருந்துச்சேம்மா. ஏன் குடுக்கல?"

உண்மையைச் சொல்லித் திரும்பிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அவர்கள் வேறு டாக்டரிடம் பார்த்தார்கள், அவனுக்கு வேறு மாத்திரை என்று சொன்னேன். அவள் நம்பினாள்.